யார் ஓட்டியிருந்தாலும்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மொழிபெயர்க்கச் சொல்லி வந்த ஒரு பக்கத்திலிருந்து எடுத்தது. டோர்ட்மண்டில் இருபது வருடமாகப் பிறப்பு அத்தாட்சி, விவாகப் பதிவு, பள்ளிக்கூட அறிக்கை என்று மற்றவர்களின் கடதாசிகளை மொழிபெயர்த்துக் கொடுக்கிறவன் நான். ஓய்ந்த நேரத்தில் கதையும் எழுதுகிறேன். இரண்டையும் கலப்பதில்லை என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். கடந்த வருடம் பங்குனியில் அது குலைந்தது.

தொலைபேசியில் அழைத்தவர் கமலநாயகி. ஹம் நகரில் இருப்பவர். முன்னர் ஒருமுறை அவருடைய ஓய்வூதியப் பத்திரங்களைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

“தம்பி, ஒரு பக்கம்தான். ஜெர்மனில இருக்கு. தமிழாக்கித் தரவேணும்.”

“என்ன அக்கா, கோட்டுக் கடிதமோ?”

“இல்லை. கார் திருத்தின கடிதம்.”

கார் திருத்திய கடிதத்தை யாரும் தமிழாக்குவதில்லை. எங்களுடைய வாழ்க்கையில் கடதாசிகள் தமிழிலிருந்து ஜெர்மனுக்குத்தான் போகும், திரும்பி வராது. யாருக்கு என்று கேட்டேன்.

“ஒரு சிநேகிதிக்கு. அவவுக்கு ஜெர்மன் கதைக்க வரும், வாசிக்க ஏலாது. ஒரு சொல்லும் விடாமல் வேணும் தம்பி.”

பக்கம் வந்தது. பழைய கார் ஒன்றின் பின்னச்சைத் திறந்து பார்த்த கராஜ் ஒன்றின் அறிக்கை. ஆறு வரிகளைச் செய்துவிட்டேன். ஏழாவது வரி இது: ‘உராய்வுத் தட்டுகள் ஆறில் கையால் கீறப்பட்ட தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன.’

மூன்று தரம் வாசித்தேன். ஒரு ஜெர்மன் காரின் அச்சுக்குள்ளே, கறுத்த எண்ணெய்க்கு அடியில், தமிழ்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

“மழை தூறிக்கொண்டிருந்தது. கமலநாயகி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி...” [விட்டுவிட்டேன். அந்தக் காருக்குள் நான் இருக்கவில்லை. இருந்தவர்கள் இரண்டு பெண்கள். அந்த மழை அவர்களுடையது.]

“நவரத்தினத்துக்குத் தன்னுடைய காரின்மேல் இருந்த...” [இதையும் விட்டேன். காரின் சொந்தக்காரருக்கே, கமலநாயகியின் கணவருக்கே, முதல் வரியையும் கொடுத்தால் கதை முழுவதையும் அவரே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.]

“இரும்பு பொய் சொல்லாது.” [நல்ல வசனம். இரண்டு நாள் வைத்திருந்தேன். ஆனால் இரும்பு உண்மையும் சொல்லாது. யாராவது அதைத் திறந்து, துடைத்து, வாசிக்கவேண்டும்.]

வாசித்தவளிடமே போனேன். ரயிலேறி ஹம்முக்குப் போய், அந்த அறிக்கையை எழுதிய கம்சனாவின் கராஜில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். கமலநாயகியின் சம்மதத்தோடுதான். “என்ரை பேரைப் போடுங்கோ. மற்ற ஆக்களின்ரையை மாத்துங்கோ” என்றாள் கம்சனா. மாற்றியிருக்கிறேன். இனி வருவது அவள் கண்டபடி. எனக்குப் பொறுக்காத இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் வருவேன்.

3

கம்சனாவுக்கு முப்பத்தேழு வயது. ஹம்மின் தொழிற்பேட்டையில் பழைய தச்சுப் பட்டறை ஒன்றை எடுத்து, இரண்டு லிஃப்ட் பூட்டி, பழைய கார்களுக்கென்று ஒரு கராஜ் நடத்துகிறாள். கியர்ப்பெட்டியிலும் பின்னச்சிலும் அவளுக்குக் கைதேர்ச்சி. அவளுடைய வயதைவிடக் கூடிய வயதுள்ள கார்களைத் தூர இடங்களிலிருந்தெல்லாம் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

மாசி மாத முடிவில் ஒரு நாள் இழுவை லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. மேலே கடும்பச்சை நிறத்தில் இரண்டு கதவுக் கார், 1977ஆம் ஆண்டுத் தயாரிப்பு. பளபளவென்று இருந்தது. சாரதிக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், பக்குவமாக இறங்கினார்.

“வணக்கம் பிள்ளை. உங்களைப் பற்றிக் கோயிலில சொன்னவை. இது என்ரை மனுசன்ரை கார். அவருக்குத் தெரியாமல் கொண்டுவந்தனான்.”

“தெரியாமலோ அன்ரி?”

“அவர் முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்சு, நடக்கப் பழக்கிற ரேஹா ஆஸ்பத்திரியில நிக்கிறார். மூண்டு கிழமை. வாற சித்திரையில அறுபத்தஞ்சு வயசு. வந்து எடுக்கேக்க கார் வடிவா ஓடவேணும். அதுதான் என்ரை பரிசு.”

“என்ன பிழை?”

“வளைக்கேக்க பின்னால கடகடக்குது. ரோட்டுக்குக் கொண்டுபோகவே மாட்டார். வளவுக்குள்ள முன்னுக்கும் பின்னுக்கும் எடுக்கிறதோட சரி. ஆரிட்டையும் காட்டுங்கோ எண்டால் கோவம் வரும்.”

“ரோட்டு நம்பர் இருக்குத்தானே. லொறி பிடிக்காமல் ஓடிக்கொண்டு வந்திருக்கலாம்.”

“நான் கார் ஓடுறேல்லை” என்றார் கமலநாயகி, ‘நான் மச்சம் சாப்பிடுகிறதில்லை’ என்று சொல்லும் குரலில்.

[இந்த இடத்தில் ‘அவர் முகத்தில் ஒரு நிழல் படர்ந்தது’ என்று எழுதியிருந்தேன். வரைவை வாசித்த கம்சனா சிரித்துவிட்டாள். “நான் அவவின்ரை முகத்தைப் பாக்கேல்லை. பின் ரயரைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.” நிழலை எடுத்துவிட்டேன். ரயரின் உள்விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.]

4

அறிக்கையில் வந்த பின்னச்சுப் பெட்டிக்கு நான் ஒரு தமிழ்ப் பெயர் வைக்கவேண்டியிருந்தது. ‘வரையறுத்த வழுக்கல் வேறுபாட்டுப் பல்லிணை’ என்று எழுதிப் பார்த்தேன். வாசிக்கிறவர் அந்த வரியிலேயே விழுந்துவிடுவார். கடைசியில் ‘சறுக்கலைக் கட்டுப்படுத்தும் பின்னச்சுப் பெட்டி’ என்று போட்டேன்.

அது செய்யும் வேலையை ஹம் கோயில் தேரில் வடம் பிடித்தவர்களுக்கு இலேசாகச் சொல்லலாம். வீதியின் மூலையில் வடம் திரும்பும்போது உட்பக்கம் நிற்பவர் நின்ற இடத்தில் கால் மாற்றினால் போதும். வெளிப்பக்கம் நிற்பவர் ஓடவேண்டும். காரின் பின்சில்லு இரண்டுக்கும் அதே கதைதான். ஒன்று மெதுவாகவும் மற்றது வேகமாகவும் சுற்ற விடுவது அந்தப் பெட்டியின் வேலை. ஆனால் அதிகம் விட்டுக்கொடுத்தால், சேற்றில் புதைந்த சில்லு சும்மா சுற்ற, மற்றது அசையாமல் நிற்கும். அதனால் சில கார்களில் இரண்டையும் ஓரளவு பிணைத்து வைக்க உள்ளே உராய்வுத் தட்டுகள் அடுக்கியிருப்பார்கள். கராஜில் அதை ஷ்பெரெ என்கிறார்கள். பூட்டு என்று பொருள்.

ஓரளவு என்பதுதான் இங்கே சொல். வடம் பிடித்த இருவரையும் இடுப்போடு இடுப்பாகக் கட்டிவிட்டால் மூலையில் இருவரும் சேர்ந்து விழுவார்கள்.

(இதை நான் விளங்கிக்கொள்ள இரண்டு நாள் எடுத்தது. கமலநாயகிக்கு அரை நிமிடம் எடுத்தது.)

5

முதலில் கம்சனா காரை வளவுக்குள் ஓட்டிப் பார்த்தாள். திருப்பத்தில் பின்பக்கம் தத்தியது. ரயர் கீச்சிட்டது. லிஃப்டில் ஏற்றி, ஒரு பக்கச் சில்லை அசையாமல் இறுக்கிவிட்டு, மற்றப் பக்கத்தை முறுக்கு அளக்கும் சாவியால் திருப்பினாள். புத்தகத்தில் இருந்த அளவில் அது அசையவில்லை. இரண்டு மடங்கிலும் அசையவில்லை. மூன்று மடங்கைத் தாண்டியபோது சாவியில் பாதி தொங்கிக்கொண்டு, ‘துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறது’ என்று முடிவுகட்டினாள். வருடக் கணக்காக நின்ற கார்தானே.

மற்றநாள் காலை பெட்டியை இறக்கித் திறந்தாள். துருவே இல்லை. எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக, எண்ணெயில் ஊறி இருந்தன. பழுதாய்ப்போன பெட்டியைப் பார்த்து அவள் ஒருநாளும் திகைத்ததில்லை. பழுதில்லாத பெட்டியைப் பார்த்துத்தான் திகைத்தாள். பக்கத்துக்கு நான்கு தட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஏழு இருந்தன. இடைவளையங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மேலதிகத் தட்டுகளை ஒருவர் பொறுமையாக நெருக்கி அடுக்கியிருக்கிறார். யாரோ காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்ய ஆசைப்பட்டு, அளவு தெரியாமல் செய்த வேலை.

ஒரு தட்டைத் துணியால் துடைத்தாள். ஊசியால் கீறிய மாதிரி ஒரு சுழி. பழைய கராஜ்க்காரர் போட்ட குறியாக்கும் என்று வெளிச்சத்தில் பிடித்தாள். ஜெர்மன் எழுத்தாக வாசிக்கப் பார்த்தாள்; வரவில்லை. தட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள் அவள். அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும்.

‘இ’.

அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்க வந்த கமலநாயகி குடையைச் சுருக்கியபடி வாசலில் நின்றார்.

“அன்ரி, இஞ்சை ஒருக்கா வாங்கோ. ஒரு பகிடி காட்டுறன். உங்கடை காருக்குள்ளை தமிழ் இருக்கு.”

பகிடி என்றுதான் சொன்னாள். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது என்றாள் என்னிடம்.

கமலநாயகி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்குக் கிட்ட வந்தார். கம்சனா ஒவ்வொன்றாகத் துடைத்து வைக்க, அவர் வாசித்தார். “இ ஒண்டு. இ ரெண்டு. இ மூண்டு. வ ஒண்டு...” பிறகு, “இடம், வலம்” என்றார். “அவற்றை எழுத்து.”

“அங்கிள் மெக்கானிக்கோ?”

“தொழில் அது இல்லை. வயர்த் தொழிற்சாலையில நிண்டவர். ஆனால் காரெண்டால் தானே கழட்டித் தானே பூட்டுவார்.”

“வடிவாத்தான் பூட்டியிருக்கிறார். பிழையா, ஆனால் வடிவா.” கம்சனா பெட்டியின் மூடியைத் திருப்பினாள். “பாருங்கோ, உள்ளுக்குத் திகதியும் போட்டிருக்கிறார். ஏழு, ஒன்பது, ரெண்டாயிரத்து ஒன்பது.”

கம்சனா தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள். தெரிந்த விசயத்தைத் தமிழில் ஒருவருக்கு விளங்கப்படுத்தும் சந்தோசம் அவளுக்கு. “இப்பிடி இறுக்கினால் காஞ்ச ரோட்டில பெரிசாத் தெரியாது அன்ரி. மழைக்குத்தான் கரைச்சல். வளைவில ரெண்டு பின்சில்லும் ஒருமிக்கப் பிடியை விட்டிடும். ஆர் ஓடினாலும் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.”

“ஆர் ஓடினாலுமோ?”

“ஓம். நான் ஓடினாலும் போகும்.”

“மெதுவா ஓடினால்?”

“மெதுவா எண்டால்?”

“நாப்பதில. ரோட்டில ஈர இலை கிடந்தால்.”

“நாப்பது காணும்” என்றாள் கம்சனா. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது என்ற கணக்கும் ஈர இலையும் கேள்வியில்தான் இருந்தன. அவள் சொன்னவை அல்ல அவை.

கமலநாயகி அடுக்கியிருந்த ரயர்களின்மேல் இருந்தார். விழவில்லை, இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கம்சனா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கவில்லை.

“பிள்ளை, அதைத் திருப்பிச் சொல்லுங்கோ.”

“எதை அன்ரி?”

“ஆர் ஓடினாலும் எண்டதை.”

கம்சனா திருப்பிச் சொன்னாள். தன்னுடைய வாயிலிருந்து வருவது என்னவென்று தெரியாமல் ஒரு வசனத்தை இரண்டாம் தரம் சொல்வது போலப் பயங்கரம் வேறில்லை.

6

2009 ஐப்பசி இருபத்துநான்காம் திகதி காலை கமலநாயகியின் கார் தொடங்கவில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் ஏழு மணிக்கு வேலை. “என்ரையைக் கொண்டுபோம், ஒண்டும் நடக்காது” என்று கணவர் நவரத்தினம் பச்சைக் காரின் சாவியைக் கொடுத்தார். வழியில் மரியமலரை ஏற்றிக்கொண்டார் கமலநாயகி. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி; ஒரே சமையலறையில் பத்து வருடம் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டியவர். வயல்வெளிகளுக்கு நடுவே ஒரு வளைவு. தூறல். மரியமலர் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். காரின் பின்பக்கம் முன்னுக்கு வந்தது. பக்கத்து இருக்கைப் பக்கம்தான் மரத்தில் அடித்தது.

மரியமலருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. வலக்கை பிறகு ஒருநாளும் தோளுக்கு மேலே எழவில்லை. சமையலறைக்கு அவர் திரும்பி வரவில்லை. ஈர வளைவில் நிலைமைக்கு ஏற்ற வேகத்தில் ஓட்டவில்லை, கவனக்குறைவால் காயம் ஏற்படுத்தினார் என்று கமலநாயகிக்குத் தண்டனைக் கடிதம் வந்தது. அவர் மறுப்பு எழுதவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தானாகவே கொண்டுபோய்க் கொடுத்தார். கொண்டாட்டங்களில் யாராவது கார்க் கதை எடுத்தால் நவரத்தினம் சொல்வார்: “அது பெலத்த கார். வளைவில அவ காஸை மிதிச்சிட்டா.” சொல்லிவிட்டு, “பாவம், அவவுக்குப் பழக்கமில்லை” என்றும் சொல்வார். பதினாலு வருடமாகக் கமலநாயகியும் அப்படித்தான் நம்பியிருந்தார். காஸை மிதித்த ஞாபகம் இல்லாவிட்டாலும்.

இவ்வளவையும் ரயர்களின்மேல் இருந்தபடி சொல்லி முடித்தார். திகைத்து நின்ற கம்சனாவிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்: “இதை எழுதித் தர ஏலுமோ?”

“ஓம்.”

“எழுதிப்போட்டு, திருத்துங்கோ. திருத்தாமல் விடாதேங்கோ. நாளைக்கு வேற ஆரும் ஓடக்கூடும்.”

கம்சனா அந்தக் கிழமை முழுக்க அந்தப் பெட்டியோடு கிடந்தாள். புதுத் தட்டுகளை எண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டாள். இடைவளையங்களை அளந்து, திரும்ப அளந்து அடுக்கினாள். ஒவ்வொரு தட்டையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பார்க்கத் தேவையில்லை, புதியவை. பூட்டி முடித்து முறுக்குச் சாவியைப் போட்டபோது புத்தகத்தில் இருந்த அளவிலேயே அது இளகிச் சுற்றியது. வழக்கமாக அந்தக் கணத்தில் அவளுக்கு வரும் நிம்மதி அன்றைக்கு வரவில்லை.

7

நவரத்தினத்தை என்ன செய்வது?

அவர் வீட்டுக்கு வருகிறார். ஊன்றுகோலோடு மேசையில் இருக்கிறார். மனைவி சாப்பாட்டுத் தட்டை அவருக்கு முன்னால் வைக்கிறார். அதில் சோறு இல்லை. ஆறு இரும்புத் தட்டுகள், எழுத்து மேலே தெரியும்படி...

[இது நடக்கவில்லை. எனக்கு ஆசையாக இருந்தது. கமலநாயகி அன்றைக்கே ரேஹாவுக்குத் தொலைபேசி எடுத்தார். “உங்கடை ஷ்பெரெயைத் திறந்தாச்சு. உங்கடை எழுத்து இருக்கு. யார் ஓட்டியிருந்தாலும் சறுக்கியிருக்கும் எண்டு அந்தப் பிள்ளை எழுதித் தருது. நான் அதைத் தமிழாக்கக் குடுக்கப்போறன்.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.]

இந்த மனிதரை நான் நம்பவில்லை. வாசகர் நம்பவேண்டும் என்றும் கேட்கமாட்டேன். பூட்டியது பிழை என்று அறியாமலே இருந்திருக்கலாம். எத்தனையோ பேர் தங்களுக்கு விளங்காததைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். அப்படியானால் இது ஒரு சோகக் கதை, குற்றவாளி இல்லாதது. நான் அப்படித்தான் எழுத ஆயத்தமாக இருந்தேன். அப்போது அவரே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, மொழிபெயர்க்கிற தம்பிதானே? நான் நவரத்தினம்.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“அதில ஒரு இடம் இருக்காம். ‘யார் ஓட்டியிருந்தாலும்’ எண்டு. அதை நீங்கள், ‘பழக்கமில்லாத ஆள் ஓட்டியிருந்தால்’ எண்டு போட்டால் என்ன? ஒரு சொல்லுத்தானே. அதுவும் உண்மைதான்.”

இருபது வருடத்தில் திகதியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், வயதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் பதினாலு வருடத்தை ஒரு சொல்லால் திரும்பப் பூட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன். உங்களுக்குத் தெரியுமோ?”

“பூட்டினது எனக்குத் தெரியும். அது என்ன செய்யும் எண்டு தெரியாது.”

“பிறகு?”

பின்னால் யாரோ ஜெர்மன் பாட்டி ஒருவர் தாதியைக் கூப்பிடுவது கேட்டது.

“பிறகு தெரியும்” என்றார். “அடுத்த மாசி. கொட்டிலுக்குள்ள காரை உயர்த்திப்போட்டு ஒரு சில்லைச் சுத்திப் பாத்தன். தடி போட்டும் அசையேல்லை. அண்டைக்கு விளங்கினது.”

“அக்காவிட்டைச் சொல்லேல்லையோ?”

“அவ அப்ப லைசென்சைக் குடுத்திட்டா தம்பி.”

அவர் சொன்ன விதத்தில், அது ஒரு காரணம் போலவே இருந்தது. கடை பூட்டியாயிற்று, இனிப் போய்ப் பிரயோசனமில்லை என்பது போல.

“சரி, சொல்லாட்டிலும், அதைக் கழட்டித் திருத்தியிருக்கலாமே. பெயின்ற் அடிச்சிருக்கிறியள், கதவு மாத்தியிருக்கிறியள். அதை மட்டும் ஏன் விட்டனீங்கள்?”

“திறக்கப் பயம்” என்றார் நவரத்தினம். “உள்ளுக்கு எழுத்து இருக்குமே.”

[அடிக்குறிப்பாக ஒன்று. தொலைபேசியை வைத்தபின் ‘பழக்கமில்லாத ஆள் ஓட்டியிருந்தால்’ என்று நான் தட்டெழுதிப் பார்த்தேன். எவ்வளவு இயல்பாக அந்த வரியில் உட்கார்ந்தது என்று பார்க்க. மிக இயல்பாக உட்கார்ந்தது. யாருக்கும் தெரிய வந்திருக்காது. இதைச் சொல்லாமல் அவரைப்பற்றி எழுத எனக்கு உரிமையில்லை என்று நினைக்கிறேன். அழித்தேன். ‘யார் ஓட்டியிருந்தாலும்’ என்றே அனுப்பினேன்.]

8

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

முதலாவதில் கமலநாயகி திருத்திய காரின் சாவியை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு போகிறார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “அவவிட்டை லைசென்ஸ் இல்லை” என்றாள் கம்சனா. “ஓட விட்டிருந்தால் எனக்கெல்லோ கரைச்சல்.”

இரண்டாவதில் அவர் வீட்டை விட்டுப் போகிறார். போகவில்லை. இரண்டு பேரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். நவரத்தினம் முழங்காலுக்கு மருந்து போடும் நேரத்தைக் கமலநாயகிதான் இன்னமும் ஞாபகப்படுத்துகிறார். அதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. கார் கொட்டிலுக்குள் நிற்கிறது, இனி யார் ஓட்டினாலும் ஒன்றும் நடக்காத காராக.

மூன்றாவதில் மரியமலர் நான் தமிழாக்கிய பக்கத்தை வாசித்து, அழுது, கமலநாயகியைக் கட்டிப்பிடிக்கிறார். பதினாலு வருடப் பகை தீர்கிறது. ‘உம்மில பிழையில்லை எண்டு எனக்கு...’

இந்த வசனத்தை இப்படியே அரைவாசியில் விட்டிருக்கிறேன். மிச்சத்தைக் கம்சனா சொன்னாள். மரியமலர் இப்போது இருக்கும் டோர்ட்மண்டுக்குக் கமலநாயகியை ஏற்றிக்கொண்டு போனவள் அவள்தான்.

9

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் திரும்பி இரண்டு மணி. மூன்றாம் மாடி. கமலநாயகி வழி முழுக்க ஒரு கதையும் கதைக்கவில்லை. கடதாசியை உறையில் போட்டு, உறையைக் கைப்பையில் போட்டு, கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். படியேறும்போது கம்சனா முன்னால் போனாள். இது முடியப்போகிறது, நல்லபடியாக முடியப்போகிறது என்று அவள் நிச்சயமாக நம்பினாள். அளந்து பார்த்த வேலை. அறிக்கையில் அவளுடைய கையெழுத்து இருக்கிறது.

கதவைத் திறந்த மரியமலர் மெலிந்த, நிமிர்ந்த பெண். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். வலக்கை உடம்போடு ஒட்டியே இருந்தது. கமலநாயகியைக் கண்டு அவர் பின்வாங்கவும் இல்லை, வாவென்று சொல்லவும் இல்லை. வழியை விட்டார்.

வரவேற்பறையில் மூவரும் இருந்தார்கள். கமலநாயகி உறையை நீட்டினார். “மலர், இதை ஒருக்கா வாசியும். இந்தப் பிள்ளைதான் காரைத் திறந்து பாத்தது.”

மரியமலர் இடக்கையால் வாங்கி, மேசையில் விரித்து, முதல் வரியிலிருந்து வாசித்தார். அவசரப்படவில்லை. ஏழாவது வரியில் ஒருமுறை கமலநாயகியைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் வாசித்தார். மடித்து, உறைக்குள் வைத்து, உறையைத் திருப்பி நீட்டினார்.

“நல்லது” என்றார். “இது உமக்கு நல்ல கடிதம்.”

“மலர், அது நான் இல்லை. ஆர் ஓடினாலும்...”

“கமலா, கார் சறுக்கினதுக்கு நான் உம்மோட கோவிக்கேல்லை. காரெண்டால் சறுக்கும். பக்கத்தில இருந்தனான், நீர் மெதுவாத்தான் ஓடினீர் எண்டு எனக்குத் தெரியாதோ? பொலிசுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்.”

நீட்டிய உறையைக் கமலநாயகி வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார்.

“நாப்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தனான்” என்றார் மரியமலர், குரலை உயர்த்தாமல். “மூண்டு மணிக்கு ஆக்களை விடுவினம். நாப்பத்தொரு நாளும் மூண்டு மணிக்குக் கதவைப் பாத்துக்கொண்டு கிடந்தனான். நீர் ஏன் வரேல்லை?”

அந்த அறையில் கம்சனாவுக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை. திறந்து பார்க்க ஒன்றுமில்லை, அளக்க ஒன்றுமில்லை. தன்னுடைய ஒரு பக்கம், கையெழுத்து, முறுக்குக் கணக்கு, எல்லாம் உறைக்குள் கிடந்தன. இத்தனை நாளும் ஒரு கேள்விக்கு அவர்கள் மறுமொழி தேடிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

அவள் எழும்பிச் சமையலறைக்குப் போனாள். போகும்போது நடுக்கதவைச் சாத்தினாள்.

“சாத்தினனீரோ?” என்று கேட்டேன் நான், என்னை மறந்து. “கமலநாயகி அக்கா என்ன சொன்னவ எண்டு கேக்கேல்லையோ?”

“அதுக்குத்தானே சாத்தினனான்” என்றாள் கம்சனா.

ஆகவே, எழுதுகிறவனுக்குக் கிடைத்தது ஒரு சாத்திய கதவு. மூன்று மறுமொழிகள் எழுதிப் பார்த்தேன். ‘என்ரை மனுசன் போகவேண்டாம் எண்டவர்.’ இது உண்மையாக இருக்கலாம், ஆனால் அரைவாசி. ‘உம்மடை கையைப் பாக்கப் பயமாக் கிடந்தது.’ இது நான் சொல்லக்கூடியது. மூன்றாவதில் சொல்லே இல்லை, அழுகைதான். அதையும் வெட்டிவிட்டேன். அழுகை எழுத்தாளருக்கு இலேசான மறுமொழி.

சமையலறையில் கம்சனா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றாள். பிறகு நடுக்கதவு திறந்தது. யார் திறந்தது, எந்தக் கையால் திறந்தது, பின்னால் நின்றவர் எப்படி நின்றார் என்பதெல்லாம் அவள் எனக்குச் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. நீங்களும் யாரையோ பார்க்கப் போகாமல் விட்டிருப்பீர்கள். ஏன் போகவில்லை என்று அவர் உங்களைக் கேட்கிறார். நடுக்கதவு சாத்தியிருக்கிறது, ஒருவரும் கேட்கமாட்டார்கள். சொல்லுங்கள்.